மலை மேல் எரிந்த வட்டி

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். தோட்டம் கைமாறியபோது 'விருப்ப ஓய்வு' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. கையில் ஒரு காசோலை கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் ரத்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் மேட்டில் இருந்த ஒரு வாடகை வீட்டுக்கு இறங்கி வந்தோம். மகள் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வாடகையும் விடுதிக் கட்டணமும் மாதம் தவறாமல் வந்தன. சம்பளம் மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜென்ட் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கோவிலில் பேசுவது போன்ற மெல்லிய குரல். மாத வருமான நிதி என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"எல்லாரோட காசையும் ஒண்ணா சேக்குறோம் சேர். அத கம்பெனிகளுக்கு கடன்பத்திரத்துல குடுக்குறோம். வர்ற வட்டி மாசாமாசம் உங்க வீட்டுக்கு."

"பாங்க் குடுக்காத வட்டிய அவங்க எப்படி குடுக்குறாங்க?"

"பாங்க் கடன் குடுக்காத கம்பெனிங்க சேர். அதான் வட்டி கூட."

"பாங்கே நம்பலன்னா நான் ஏன் நம்பணும்?"

"அதுக்குத்தானே சேர் வட்டி கூட!"

கேள்வியும் பதிலும் செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றின. எனக்குக் களைத்துவிட்டது. களைத்த மனிதன் கையெழுத்துப் போடுவான். அதற்கு முன்னால் அவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டினார். ரிவர்ஸ்டனுக்குப் போகும் பாதையில், எங்கள் தலைக்கு மேலே ஒரு சரிவில், வெள்ளையாக ஒரு கட்டடம் நின்றது. நிதியின் காசில் எழும்பிய உல்லாச ஹோட்டலாம்.

"மத்தவங்களுக்கு அவங்க காசு எங்க இருக்குன்னே தெரியாது. நீங்க வாசல்ல நின்னு பாக்கலாம்."

அன்று மாலை அதன் ஜன்னல்கள் வரிசையாக எரிந்தன.

வட்டி ஒழுங்காக வந்தது. கடைவீதியில் என்னைப்போல் காசு போட்டவர்கள் நிறையப்பேர். பொழுது சாய்ந்ததும் கழுத்தை நிமிர்த்தி மலையைப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அப்புறம் மின்வெட்டுக் காலம் வந்தது. ஊர் முழுக்க இருட்டு, மலையும் இருட்டு. இரண்டுக்கும் நடுவில், எதிலும் ஒட்டாமல், அந்த விளக்கு வரிசை மட்டும் ஆகாயத்தில் தொங்கியது. சில நேரம் ஒரு ஜன்னல் மறையும், பிறகு தெரியும். அடுத்தது மறையும். யாரோ உள்ளே நடமாடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டோம்.

ஒரு மாலை, தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது, எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஹோட்டலுக்குப் போக ஒரே பாதைதான். அது எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. சண்டை நடக்கிற நாட்டில் எந்த உல்லாசப் பயணியும் அதில் ஏறிப்போய் நான் பார்த்ததில்லை. இறங்கி வந்தும் பார்த்ததில்லை.

அப்படியானால் மேலே நடமாடுவது யார்?

தேநீர் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடுபனி மறைத்த நாட்களில் காசு போய்விட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பனி விலகி விளக்கு தெரிந்தால் அதைவிட அதிகமாக அடித்துக்கொள்ளும்.

"என்னாங்க, நீங்க மலைய பாக்குறீங்களா, மலை உங்கள பாக்குதா?" என்பாள் மனைவி.

இந்தச் சமயத்தில் எங்கள் தவணை முடிந்தது. காசை எடுப்பதென்றால் உடனே சொல்லவேண்டும். புதுப்பித்தால் மூன்று வருஷத்துக்குத் தொட முடியாது. கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது, ஒருவர் கையெழுத்தே போதும். மறுநாள் காலையில் ஏஜென்ட் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நான் போய் கண்ணால பாத்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் கையெழுத்து போடாத."

"ஒழுங்கா வர்ற காச சந்தேகப்பட்டா அது கோவிச்சுக்கிட்டு போயிரும். சாயந்தரம் வந்துருவீங்கதானே?"

"வராம? அங்க ரூம் எடுக்கவா போறேன்?"

மத்தியான பஸ்ஸை சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். இளம் ராணுவக்காரன் ஒருவன் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கொஹேத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

பயத்தில் எனக்கு உண்மை மட்டும்தான் வரும். "சல்லி பலன்ன," என்றேன். காசைப் பார்க்கப் போகிறேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்த விளக்கு எரிகிற இடத்துக்கா என்று குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் கேட்டான். அங்கே ஆள் யாரும் இல்லை, ஆனாலும் மாலையில் எரிகிறது, நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்றான். துப்பாக்கி வைத்திருப்பவன் போகாத இடத்துக்கு நான் ஒரு குடையை வைத்துக்கொண்டு போனேன்.

பஸ் இறக்கிவிட்ட இடத்தில் மூடுபனி தரையோடு ஊர்ந்தது. ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். காலடிச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. என்னுடையதுதான் என்று புரிந்துகொள்ள வெகுநேரம் பிடித்தது. திடீரென்று பனியிலிருந்து ஹோட்டல் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. சிவப்புச் சீமெந்துப் படி. மும்மொழியில் வரவேற்புப் பலகை. கண்ணாடி ஜன்னல்கள், எல்லாவற்றிலும் திரைச்சீலை. வாசல் நிலைக்குள் ஒரு மேசை, அதன்மேல் மணி.

மரியாதைக்கு மணியை அடித்தேன். யாரும் வரவில்லை. மேசைக்குப் பின்னால் தொங்கிய சீலையை விலக்கி ஓர் அடி வைத்தேன்.

வெளியே வந்துவிட்டேன்.

பின்பக்கம் இல்லை. அறை இல்லை, கூரை இல்லை. முன்சுவர் மட்டும், மரத்தூண்கள் முட்டுக்கொடுக்க, மலைச்சரிவில் நின்றது. மேல்வரிசை ஜன்னல்களுக்குப் பின்னால் ஒரு பலகை, அதற்கு ஓர் ஏணி. காற்று நுழைந்து சீலைகளை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே போனது. இத்தனை நாள் நாங்கள் கண்டு மகிழ்ந்த விருந்தாளிகள் இவர்கள்தான்.

"ரூம் வேணுமாங்க?"

என் குடை கையிலிருந்து பறந்தது. பின்னால் நின்றவர் வாட்ச்சர். கம்பளி சுற்றிய, நல்ல ரத்தமும் சதையுமான மனிதர். அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறார்களாம், கேட்க ஆள் வந்தது அன்றைக்குத்தானாம்.

"எனக்கு சம்பளம் நின்னு பல மாசமாச்சுங்க. மண்ணெண்ணெய் மட்டும் தவறாம லொறியில வருது. கீழ் வரிசையில லாம்ப கொளுத்தி வைக்கணும், அவ்ளோதான் வேல. மேல் வரிசைக்கு நான் போறதில்ல. ராவுல அந்தப் பலகை தானா கிறீச்சுங்குது."

"சம்பளமில்லாம ஏன் இருக்கீங்க?"

"தோட்டத்துல சம்பளத்துல பிடிச்ச என் சேமலாபக் காசையும் இதுலதானே போட வச்சாங்க ஐயா. லாம்பு அணைஞ்சா கீழ உள்ளவங்க காச எடுக்க ஓடுவாங்க. அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்?"

எனக்கு வந்த வட்டி எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷம் விளங்கியது. நேற்று இந்த விளக்கைப் பார்த்து மயங்கிக் காசு போட்டவனின் முதல் அது. நாளைக்கு என் முதல் இன்னொருவனுக்கு வட்டியாகப் போகும்.

ஓடிப்போய் மனைவியிடம் சொல்லவேண்டும். ஆனால் பனி இறங்கினால் பஸ் மேலே வராதாம். காலையில்தான் முதல் பஸ். இருட்டில் நடந்து இறங்கலாமா என்று கேட்டேன். சாவடியில் சுட்டுவிட்டுத்தான் பெயர் கேட்பார்கள் என்றார் வாட்ச்சர். சாப்பாடு கொண்டுவரக் கீழே தொழிலாளர் லயத்துக்கு இறங்கினார்.

"பயமா இருந்தா லாம்ப கொளுத்திக்கங்க."

"எனக்கென்ன பயம்?" என்றேன். அவர் தலை மறைவதற்குள் முதல் லாம்பைக் கொளுத்திவிட்டேன்.

தப்பாகப் போய்விட்டது. வெளிச்சம் வந்ததும் திரைச்சீலையில் சுவருயரத்துக்கு ஒருவன் எழுந்தான். என் நிழல்தான். அதை விரட்ட அடுத்த லாம்பைக் கொளுத்தினேன். இருவர் ஆனார்கள். மூன்றாவதைக் கொளுத்தினேன். பின்னால், பனிக்குள், ஏதோ ஒன்று நீளமாக மூச்சு விட்டது. மரைமான் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. தீக்குச்சிகள் கையில் ஒடிந்தன. கீழ் வரிசை முடிந்ததும் தலைக்கு மேலே இருண்டிருந்த ஜன்னல்கள் என்னையே குனிந்து பார்ப்பதாகப் பட்டது. ஏணியில் ஏறினேன். பலகை கிறீச்சிட்டது. நான் நிற்கும் இடத்தில் அல்ல, மறுகோடியில். அங்கேயும் ஓடிக் கொளுத்தினேன். தெரிந்த செபமெல்லாம் சொன்னேன், நடுவில் ஆபீஸ் கடிதத்தின் முடிவு வாசகமும் கலந்துவிட்டது.

வாட்ச்சர் சோற்றுக்கோப்பையோடு இரைக்க இரைக்க ஓடி வந்தார்.

"ஐயா, என்னாங்க பண்ணிட்டீங்க! முழு ஹோட்டலும் எரியுது! யாரோ வந்துட்டாங்கன்னு நெனச்சேன்!"

"அணைச்சிருவோமா?"

"நீங்க மேல ஏறி அணைங்க."

இருவரும் ஏணியைப் பார்த்தோம். பிறகு சோற்றைப் பார்த்தோம். விளக்குகள் எண்ணெய் தீரும்வரை எரிந்தன.

காலை பஸ்ஸைச் சாவடியில் நிறுத்தி வைத்தார்கள். ரத்தோட்டையில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து பாத்தீங்களா? ரெண்டு வரிசையும்! ஒரு நாளும் அப்படி எரிஞ்சதில்ல. மேலயும் கீழயும் ஆளுங்க ஓடுறாங்க, கல்யாண ஊடு மாதிரி! நம்மளுக்கு வட்டி ஹராம். இல்லாட்டி நானும் போட்டிருப்பேன்."

கடைவீதியில் ஏஜென்டைச் சுற்றிக் கூட்டம். எடுக்க நினைத்தவர்கள் புதுப்பித்தார்கள், புதுப்பித்தவர்கள் கூடப் போட்டார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அது வெறும் சுவர்! பின்னால ஒண்ணுமே இல்ல! வெளக்கு எல்லாத்தையும் கொளுத்துனது நான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கடைவீதிக்கு வந்த நாளிலிருந்து வேடிக்கை பேசி அவர்களைச் சிரிக்க வைத்தவன் நான்தானே. "கிளாக்கரையா இன்னிக்கு காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு!" என்றான் ஒருவன்.

ஏஜென்ட் சிரிக்கவில்லை. மெல்லிய குரலில், "சேரோட வீட்டுல இப்பத்தான் மூணு வருஷத்துக்கு புதுப்பிச்சு தந்தாங்க," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். மனைவி முகமெல்லாம் மலர்ச்சி. "நேத்து பாத்த பெறகு யோசிக்கவே இல்லீங்க. நீங்களும் அங்க ரூம் எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்." நான் நடந்ததைச் சொன்னேன். படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாலையில் மின்சாரம் போனது. இருவரும் வாசலுக்கு வந்தோம். முழு எண்ணெயையும் நான் ஒரே இரவில் தீர்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். மலையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு புள்ளி எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"எரியட்டும்," என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆண்டவரே, இன்னும் மூணு வருஷத்துக்கு எரியட்டும்."

கீழே கடைவீதியில் யாரோ கை தட்டினார்கள். மூன்றாவது ஜன்னல் வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.