நான் தூக்கிய ஏழாவது ரீல்

தூத்துக்குடியில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராகப் புரொஜெக்டர் ஓட்டித்தான் உங்களைப் படிக்கவைத்தேன், பிள்ளைகளே. அந்தச் சூட்டில் நின்றே இடுப்பு போய்விட்டது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எழுதுகிறேன்.

1. மிக்கேல் அண்ணாச்சி

ஞாயிறு காலை எங்களிடம் இங்கிலீஷ் படம். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய மிக்கேல் அண்ணாச்சி வேம்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஹாலிவுட்டின் பழைய கதாநாயகர் ஒருவர் மேல் அவருக்கு உயிர். கேபின் வாசலில் நின்று அந்த நடிகரின் சரித்திரத்தைச் சொல்லுவார். நாடகக் கொட்டகையில் தரை கூட்டினாராம். முதல் படத்தில் முதுகு மட்டும்தான் தெரிந்ததாம். அப்புறம் இருபது வருடம் குதிரையும் வாளுமாக ஆண்டாராம்.

அன்று அவருடைய கடைசிப் படம். போஸ்டரில் வாலிப முகம்.

“ஏலே, படம் வெளிவருமுன்னயே மனுசன் போய்ச் சேந்துட்டாரு. இன்னைக்கு அவர வழியனுப்பிட்டுத்தான் பஸ் ஏறுவேன்” என்றார் அண்ணாச்சி.

2. பல்பு வெளிச்சத்தில்

படம் ஓடும்போதே மேனேஜர் மேலே வந்தார்.

“மேட்டினிக்கு இப்பவே கூட்டம் நிக்கு. ஒரு ரீலத் தூக்கிருலே.”

படம் சீக்கிரம் முடிய ஒரு ரீலை ஓட்டாமல் விடுவது வழக்கம்தான். சண்டை இல்லாத ரீலாகப் பார்த்துத் தூக்குவோம். ஏழாவது ரீலைப் பிரித்துப் பல்புக்கு நேரே பிடித்தேன். வழுக்கைத்தலைக் கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். யாருக்கு நட்டம் என்று ஸ்டூலில் வைத்துவிட்டேன்.

படம் விட்டதும் அண்ணாச்சி மேலே ஏறி வந்தார்.

“ஏலே, அவரு எங்கலே? வரவே இல்லியே?”

ரீலில் பார்த்த வழுக்கைக் கிழவர்தான் அவர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

“போஸ்டர்ல போட்டா படத்துல வரணுமா அண்ணாச்சி? கம்பெனிக்காரனே வெட்டியிருப்பான்.”

அண்ணாச்சி சிரித்தார்.

“வயசாயிட்டுன்னா அங்கனயும் எறக்கி விட்டுருதானுவ, என்னா? போன மாசம் என்னயும் வின்ச்ச விட்டு எறக்கிட்டானுவ. கண்ணு தெரியலயாம்.”

ரீல் என் முழங்கால் பக்கத்தில் இருந்தது. ஓட்டினால் பத்து நிமிடம். மேனேஜர் என்னையே பார்த்தார். நான் மேட்டினிப் படத்தை மாட்டக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி படியிறங்கிப் போனார்.

பிறகும் ஞாயிறுதோறும் வந்தார். அந்தக் கதாநாயகர் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

வேலையில் ஒன்றை எடுத்துவிடு என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள்; எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன், விவரம் தெரிந்த ஓர் ஆளிடம் கேட்டுவிடுங்கள். அன்று அந்த ஆள் எனக்குக் கீழே, முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.