குள்ளம்மாளின் கொண்டை

கடத்தூர்க் குள்ளம்மாளுக்கு வீம்பு அதிகம். புருஷன் செத்துப் பதினோரு வருஷம். ஒரே மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. "எங்கூட வந்துரும்மா" என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம், "எனக்கென்னடா கேடு?" என்று விரட்டினாள். அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான். அதற்கும் அவன்மேலேதான் கோபம்.

ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடி வரப்பில் விழுந்ததில் வலது முழங்கை உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் எப்படியோ சோறு தின்றாள். ஒற்றைக் கையால் தலைமுடியை எப்படி முடிவது? விரித்த தலையோடு பஸ் ஏறினால், சாமி வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

தருமபுரியில் எலும்பு டாக்டர் சொன்னார்: "ரொம்ப நாள் அசையாம கெடந்தா மூட்டு இறுகிரும்மா. உள்ள இருக்குற குருத்தெலும்பு கெடாம இருக்க லேசர் வெச்சுப் பாக்கலாம். பலன் கெடைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

மாவுக்கட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டினார்கள். வாரம் மூன்று நாள் அதன் வழியாக லேசர் வைப்பது ஜாஸ்மின் என்ற பெண். அப்போது இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

"சுடவும் இல்ல, குத்தவும் இல்ல. சும்மா டார்ச்சு அடிக்கிறியா கண்ணு?"

"அப்படித்தாம்மா இருக்கும். ஒண்ணும் தெரியாதுங்க."

முதல் நாளே, லேசர் முடிந்ததும், கேட்காமலே சீப்பை எடுத்து அவளுக்குத் தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டாள் ஜாஸ்மின். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். குள்ளம்மாள் லேசருக்குப் போனாளா, கொண்டைக்குப் போனாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகும் லேசரும் பயிற்சியும் தொடர்ந்தன. கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. "பிடரியத் தொட்டுட்டீங்கன்னா இனிமே வர வேண்டாம்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம்தான் வந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டர், "எங்க, தொடுங்க பாக்கலாம்" என்றார். குள்ளம்மாள் கையைத் தோள் வரை தூக்கி நிறுத்திக்கொண்டாள்.

"வரலீங்க சார்."

பின்னால் நின்றிருந்த ஜாஸ்மின் கேட்டாள்: "அப்ப இந்தக் கொண்டைய யாரும்மா போட்டு வுட்டாங்க?"

காலையில் பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் தன் கையாலேயே முடிந்துகொண்டதை அவள் மறந்தே போயிருந்தாள். யார் பெயரையாவது சொல்லிவிடலாம் என்று தேடினாள். சொல்வதற்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

"ஆரும் இல்ல கண்ணு" என்றாள். "எனக்கு வூட்ல ஆரும் இல்ல."