மாமி வாங்கிக்கொண்ட நன்றி

கட்டாரில் நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், சாகக் கிடக்கும் முஸ்லிம் நோயாளியின் கட்டிலை மக்கா இருக்கும் திசைக்குத் திருப்பிவிடுவோம். பிலிப்பைன்ஸ்காரி, மலையாளி, நான் என்று யார் நின்றாலும் அது நடக்கும்.

லீவில் மன்னாருக்கு வந்தபோது, காய்ச்சலில் கிடந்த மாமிக்குத் துணையாக இங்குள்ள வார்டில் இருந்தேன். அடுத்த கட்டிலில் பக்கத்து ஊரான தாராபுரத்து முஸ்லிம் தாய் ஒருவர் கடைசி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மகன் இன்னும் வந்து சேரவில்லை. வார்டுத் தாதியிடம் கேட்டு, இருவருமாகக் கட்டிலைத் திருப்பினோம்.

மாமி செபமாலையை நிறுத்தினார். "உனக்கேன் இந்த வேலை? அரபுக்காரன்ர சம்பளம் உன்ர வேதத்தையும் மாத்திப்போட்டுதோ?"

அந்தச் சம்பளத்தில் நான் வாங்கி வந்த காப்பு அவர் கையில் மினுங்கியது.

மகன் ஓடி வந்தபோது தாய் அடங்கிவிட்டார். கட்டில் கிடந்த திசையைக் கண்டதும் மகன் உடைந்துபோனார். "ஆர் திருப்பினது?"

"நாங்கள்தான் தம்பி," என்றார் மாமி. "எங்களுக்கு எல்லா வேதமும் ஒண்டுதானே."

மகன் தழுதழுத்தபடி நன்றி சொன்னார். மாமி கண்ணைத் தாழ்த்தி அதை வாங்கிக்கொண்டார்.

எந்த அசிங்கத்தைத் துடைத்தாலும் முகத்தில் அருவருப்பைக் காட்டக்கூடாது என்பது தாதிமாருக்கு முதல் பாடம். அன்றைக்குத்தான் அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.