ரங்கசாமி அண்ணன் குடிக்காத காபி

கடையில் ஒரு டிவியைப் பிரித்துப் போட்டிருந்தபோது போன் வந்தது. "அப்பா போயிட்டாருங்க" என்றாள் ரங்கசாமி அண்ணனின் மகள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அவரைத் திருடன் என்று சொன்ன மனிதர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாரே!

சோமனூரில் அண்ணனிடம் நான் தொழில் பழகிய எங்கள் டிவி ரிப்பேர் கடைக்கு வந்துபோன உங்களுக்கு அண்ணனின் கையும் தெரியும், வாயும் தெரியும். "டிவி பொய் சொல்லாதுங்க, ஊட்டுக்காரங்கதான் சொல்லுவாங்க" என்பார்.

கேபிள் வந்த புதிதில், தறிப்பட்டறை முதலாளி ஒருவர் தன் அப்பா காலத்து மரப்பெட்டி டிவியைக் கொண்டுவந்தார். பல வருடம் அட்டாலியில், பரண்மேல், கிடந்தது. அண்ணன் எலிக்கூட்டை அள்ளிப் போட்டு, வீங்கிய கண்டென்சர்களை மாற்றினார். பிக்சர் டியூப் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை. கடையில் படம் திரை நிறையத் தெரிந்தது. முதலாளி வீட்டில் வைத்ததும் சுருங்கி மங்கிவிட்டது. "நல்ல டியூபக் கழட்டிப்போட்டு ஓட்டை டியூப மாட்டிட்டான், திருட்டுப் பய" என்று அவர் பேக்கரியில் நின்று சொன்னார். அதன்பின் கடையில் டிவியை விட்டுப்போக ஆட்கள் யோசித்தார்கள். குழாயடியில் அண்ணியிடம், "டியூப எடுத்தாருங்களா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

அண்ணனுக்கே காரணம் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டு வழியாக வந்தவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். படம் முழுசாகத் தெரிந்தது. அன்று தறிக்கு லீவு. வீட்டை ஒட்டிப் போட்ட புதுத் தறிகள்தான் மற்ற நாளெல்லாம் கரண்டை இழுத்து, டிவிக்கு வோல்டேஜ் போதாமல் செய்துகொண்டிருந்தன. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் காதில் தறி ஓடுவது விழுவதே இல்லை, அதனால் சந்தேகமும் வரவில்லை.

நானாக இருந்தால் அன்றே போய்ச் சொல்லியிருப்பேன். "அவன் நாலு பேரு முன்னால சொன்னான் தம்பி. நாமளும் கூட்டம் இருக்கறப்பத்தான் போவோணும்" என்றார் அண்ணன். கிரிக்கெட் பார்க்கச் சொந்தபந்தம் கூடியிருந்த நாளில் போனோம். "ஏனுங்க, தறிய நிறுத்தச் சொல்லுங்க." நின்றதும் படம் விரிந்தது. "இப்ப ஓட்டச் சொல்லுங்க." சுருங்கியது. எல்லோருக்கும் விளங்கிய பிறகும் விடவில்லை. "இன்னொருக்கா பாத்துப்போடலாமுங்க" என்று முதலாளியையே பட்டறைக்கும் வீட்டுக்கும் நடக்க விட்டார். மாமன் மச்சான்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"சரி சரி, காபி குடிங்க" என்றார் முதலாளி.

"காபி வேண்டாமுங்க. திருட்டுப் பயன்னு சொன்னீங்களே, அப்படி இல்லைன்னு இவங்க முன்னால சொல்லிப்போடுங்க."

காதில் விழாததுபோல அவர் உள்ளே போய்விட்டார். அதன்பின் எத்தனையோ முறை வழியில் பார்த்தும் சொல்லவில்லை.

அண்ணனின் சாவுக்கு அவர் பெரிய மாலையோடு வந்தார். எழவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்லும் வழக்கமில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. "தங்கமான மனுசனுங்க" என்று ஆரம்பித்தார். "டியூப எடுத்தாருங்களா, இல்லீங்களா?" என்று எல்லோரும் கேட்கக் கேட்டேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் நகரவில்லை.

"எடுக்கலீங்க."

"அண்ணியப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னார்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபம் ஒன்றைத்தான். "அதான் சொல்லிட்டாரே, உட்ருங்க" என்கிறார்கள். விட மாட்டேன். அவர் அதைச் சொன்னபோது அண்ணன் காதில் பஞ்சு வைத்திருந்தது.