காலி ஸ்லாட்டில் மூச்சு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் தங்கை புருஷனுக்கு நிஜமாகவே நடந்தது. பேய் என்றாலே வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள் மாப்பிள்ளை. இப்போது சிரிப்பதில்லை.

நீங்கள் நினைப்பதுபோல நடுராத்திரியும் இல்லை. பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை மதியம் 2.05.

பிறந்த குழந்தைகளின் மூச்சை எண்ணும் மெஷின் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. மூச்சு குறைந்தால் மெஷின் அலற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று திரும்பி வந்திருந்தது. திரையில் எண் உறைந்து நிற்கிறது, அலாரம் அடிப்பதில்லை என்று புகார். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஏழு வாரம் முன்னதாகப் பிறந்த மாப்பிள்ளையின் மகள், ஒன்பது நாள் பிள்ளை, அதே ஆஸ்பத்திரியில் அதே மாதிரி மெஷினோடுதான் படுத்திருந்தாள். நான்காம் நம்பர் தொட்டில்.

அதனால்தான் விடுமுறை நாளில் தனியாக ஆபீஸுக்குப் போனார். ஏசி ஓடவில்லை. மேஜைமேல் அந்த மெஷினின் ஃபேன் சத்தம் மட்டும்.

மெஷினை உள்ளிருந்து இயக்குகிற அடிப்படை மென்பொருளுக்கு, அதாவது கெர்னலுக்கு, ட்ரேஸ் போட்டார். உள்ளே எந்த வேலை, எந்த நொடியில், மெமரியின் எந்த இடத்தைத் தொட்டது என்று அது வரி வரியாகக் கொட்டும். ஆனால் இடத்தின் எண்ணை உள்ளபடி காட்டாது. திருடன் கையில் சாவி கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று ஒரு பொய் எண்ணால் மூடித்தான் காட்டும். மூடியைத் திறக்க ஒரு கட்டளை உண்டு. அவர்கள் டீமில் ஒரு சட்டமும் உண்டு: திறக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். தனியாகத் திறந்தவர் திரும்ப மூட மறந்துவிடுவார் என்று டீம் தலைவி போட்ட சட்டம். அவரை எல்லோரும் 'டீச்சர்' என்பார்கள்.

மாப்பிள்ளை அவருக்கு போன் போட்டார்.

"டீச்சர், மூடியைத் திறக்கணும்."

"தனியாவா? வேணாம். நாலு மணிக்கு நான் வந்துடறேன்."

"சரிங்க."

சரி என்று சொல்லிவிட்டுத் திறந்தார். பெற்ற மனம் நான்கு மணிவரை பொறுக்குமா? கட்டளையை அடித்து, மெஷினை மறுபடி ஆன் செய்தார். மணி 2.31.

வரிகள் ஓடின. 2.36க்கு ஒரே எண் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. அந்த இடத்தைத் தொடுவது, மூச்சை எண்ணுகிற வேலை. ஆனால் மேஜைமேல் இருந்த மெஷினில் சென்சார் ஒயரே மாட்டவில்லை. யாருடைய மூச்சை எண்ணுகிறது அது?

அந்த இடத்தின் எண்ணோ மிகப் பெரியதாக இருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டார். மெமரி கார்டு செருக மெஷினில் இரண்டு ஸ்லாட். அந்த இடம் இரண்டாவது ஸ்லாட்டில் விழுந்தது. ஸ்குரூவைக் கழற்றி மெஷினின் மேல்தகட்டைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டாவது ஸ்லாட் காலி.

விரலை அருகில் கொண்டுபோனார். சூடு. ஒரே சீரான சூடு இல்லை. வந்தது... நின்றது... வந்தது... நின்றது...

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஃபேன் காற்றாக இருக்கும் என்று நினைத்தார். ஃபேன் எதிர்ப் பக்கம் இருந்தது.

அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று படிக்கச் சொன்னார். திரையில் வந்தது:

தொட்டில் 4. மூச்சு 38.

பழைய பதிவு, அழியாமல் கிடக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

37.

33.

26...

மணி 2.40. என் தங்கைக்கு போன் போட்டார். அவள் தொட்டில் பக்கத்தில்தான் இருந்தாள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"தூங்கறா. மெஷின்ல முப்பத்தெட்டுன்னு காட்டுது."

11.

"மெஷினைப் பாக்காத! பாப்பாவைப் பாரு!"

"ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

4.

"நெஞ்சு அசையுதா பாரு!"

துணியை விலக்குகிற சரசரப்பு கேட்டது.

பிறகு என் தங்கை அலறினாள். "சிஸ்டர்! ஓடி வாங்க! பிள்ளை நீலமா இருக்கா!"

0.

செருப்புச் சத்தம். ஏதோ உருண்டது. அவர் எண்ணினார். பதினொரு நொடி.

மெல்லிய அழுகை கேட்டது.

போனில் ஒன்று.

திறந்து கிடந்த மெஷினுக்குள் இன்னொன்று...

திரை அணைந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். இரண்டு வயதாகிறது, என் கண்ணாடியைப் பிடுங்கி எறிவதுதான் இப்போது அவளுக்கு வேலை. அன்று நான்கு மணிக்கு டீச்சர் வந்து, சேமித்து வைத்த ட்ரேஸைப் பார்த்தார். மாப்பிள்ளை அவசரத்தில் கட்டளையில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தார். மூடி திறக்கவே இல்லை. ஆயிரக்கணக்கான வரிகளில் ஒவ்வொரு எண்ணும் மூடியபடியே இருந்தது. காலி ஸ்லாட்டின் எண் மட்டும் திறந்திருந்தது.

"இதை யாரு திறந்தா?" என்று டீச்சர் கேட்டார்.

மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ்காரரை விசாரித்தார்கள். திரும்பி வந்த மெஷினும் முன்பு நான்காம் தொட்டிலில்தான் இருந்திருக்கிறது. அந்தத் தொட்டிலில் கிடந்த ஒரு பச்சிளம் பையன் இறந்துபோனான். திரை கடைசிவரை 38 என்று காட்டிக்கொண்டே இருந்ததாம். மெஷினைத் திருப்பி அனுப்பும்போது, நல்ல கார்டு வீணாகப் போவானேன் என்று இரண்டாவது ஸ்லாட்டில் இருந்ததை மட்டும் அவர் கழற்றி வைத்துக்கொண்டார்.

அதே தொட்டிலுக்குப் புதிதாக வந்த மெஷினில் அதைச் செருகிவிட்டார். அந்த மெஷினைத்தான் என் தங்கை மகளுக்கு மாட்டியிருந்தார்கள்.