கன்னியப்பன் தாடிக்கு ஒரு கிண்ணம் நுரை

பாஞ்சாலிக்கு எதைக் கண்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். வாலாஜாபாத்தில் பிறந்த வீட்டில் இருந்த காலத்தில் அப்பாவின் டார்ச் லைட்டைக் கழற்றிப் போட்டு முதுகில் அடி வாங்கியவள். கல்யாணமாகி ஒரகடம் பக்கம் வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் எப்போது கியர் மாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுவாள். "உனுக்கு எதுக்குடி இந்த ஆராய்ச்சி?" என்று தெருவே கேட்கும். எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டிலேயே ஒன்றைப் பார்க்காமல் விட்டிருந்தாள். புருஷன் கன்னியப்பன் காலையில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி முகம் மழிக்கிற நேரத்தில் அவள் குடத்தோடு கைப்பம்பு வரிசையில் நிற்பாள். தண்ணீரோடு திரும்பும்போது அவன் பளபளவென்ற கன்னத்தோடு கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பான். இடையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்றில் பொங்கல் கழிந்த கையோடு அந்த அநியாயம் நடந்தது. கம்பெனியில் பிரஸ் மெஷின் கன்னியப்பனின் வலது கையில் நடு விரல்கள் மூன்றையும் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றே கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டான். தூங்கும்போதுகூட அதை அவிழ்க்கவில்லை. கட்டிய பெண்டாட்டிக்கே அந்தக் கையைக் காட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் இடது கையால் மழிக்கப் பார்த்து, தாடையைக் கீறிக்கொண்டு, பிரஷ்ஷையும் ரேசரையும் கிரீம் டியூப்பையும் பரண்மேல் விட்டெறிந்தான். அதோடு தாடி வளர்ந்தது. பெற்ற மகளே கிட்டே வரப் பயந்து அலற, அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. தெருவில் போனவர்கள் "இன்னா கன்னியப்பா, மலைக்கு வேண்டுதலா?" என்று கேட்டார்கள். அவன் தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டான்.

ஆடி பிறக்கிற சமயம், கம்பெனி சூப்பர்வைசர் சுப்பராயன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தாடியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஸ்டோர்ல ஒரு ஆள் வேணுமாம்பா. மேனேஜராண்ட உன்னப் பத்தி சொல்லிக்கீறேன். திங்கக்கெழம காலைல வந்து பாரு. இந்தக் கோலத்துல வந்து நின்னேன்னு வையி, வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்பறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் போனதும் கன்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாஞ்சாலி விடுவாளா? முடிதிருத்தும் நரசிம்மனை வீட்டுக்கே கூட்டி வந்தாள். நரசிம்மன் நல்ல மனுஷன்தான். ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டார்.

"கை எப்பிடி கீது? எங்க, காட்டு பாக்கலாம்."

"தாடியும் வாணாம், ஒண்ணும் வாணாம். கெளம்பு நீ."

நரசிம்மன் பாவம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாஞ்சாலிக்குப் புருஷன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"யோவ், நானே உனுக்கு ஷேவ் பண்ணி வுடட்டா?"

"உனுக்கு இன்னா தெரியும்?"

"தெரிஞ்சிக்கிறேன்."

அன்றைக்கே பரணில் ஏறிப் பிரஷ்ஷையும் ரேசரையும் கிரீம் டியூப்பையும் எடுத்தாள். பிரஷ்ஷின் மயிரை வருடிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். டியூப்பின் மூடியைத் திருகினால் கமகமவென்று வாசனை. இது எப்படி நுரையாகிறது? அட, துணி துவைக்கத் தெரிந்தவளுக்கு நுரை போடத் தெரியாதா என்று ஒரு தெம்பு. கிண்ணத்தில் கைப்பம்புத் தண்ணீரை ஊற்றி, கிரீமைப் பிதுக்கி, பிரஷ்ஷால் கலக்கினாள். பால் திரிந்த மாதிரி திட்டுத்திட்டாக மிதந்ததே தவிர நுரை வரவில்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பருப்பே வேகாத உப்புத் தண்ணீர்! அதில் கிரீம் மட்டும் நுரைக்குமா என்ன?

குடிக்கிற தண்ணீருக்கு ஏரிக்கரைக் கிணறு இருக்கிறது. அதை ஊற்றிக் கலக்கினாள். இப்போது வந்தது பாருங்கள், கிண்ணம் வழிய நுரை! பெரிய பெரிய குமிழி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அள்ளித் தன் முழங்கையில் பூசினாள். பொசுபொசுவென்று வெடித்து, சற்று நேரத்தில் வெறும் ஈரம்தான் இருந்தது. துணிக்கு எவ்வளவு பெரிய குமிழியோ அவ்வளவு நல்லது. முகத்துக்கு அந்த நியாயம் எடுபடவில்லை. இந்த நுரையை நம்பிக் கத்தி வைத்தால் தோல்தான் வரும்.

தண்ணீரைக் குறைத்தாள். பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. கூட்டினாள், மறுபடி குமிழி. முழங்கையில் பூசினால் என்ன தெரியும், முகத்தில் போட்டால்தானே தெரியும் என்று கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்திலேயே பூசிக்கொண்டாள். சர்க்கரை கேட்க வந்த பக்கத்து வீட்டுச் செந்தாமரை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ! இன்னாடி பாஞ்சாலி, உனுக்கும் மொளச்சிடுச்சா?"

"ஆமாக்கா. மீசையும் வச்சிக்கலாம்னு கீறேன். நல்லா இருக்குமா?"

செந்தாமரை சர்க்கரையை மறந்து தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பாஞ்சாலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமையும் போயிற்று. டியூப்பும் பாதியாயிற்று. ஞாயிறு விடிந்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. நாளைக்குத் தாடியோடு போனால் வேலை போய்விடும். நுரை சரியில்லாமல் மழித்து ரத்தக்களறி ஆக்கினாலோ, அப்புறம் அந்த மனுஷன் சாகும்வரை சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பான்.

மனசு சரியில்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் வடை சுட வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். ஆட்டுக்கல்லில் உளுந்தைப் போட்டு அரைத்தாள். கை தன்பாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தது, குழவியைச் சுற்றியது, மறுபடி தெளித்தது. மாவு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பொங்கி, கல்லை நிறைத்துக்கொண்டு வந்தது. பாஞ்சாலியின் கை அப்படியே நின்றது. ஒரே தடவையில் தண்ணீரை ஊற்றினால் உளுந்து மாவு உருப்படுமா? அடிப் பாவி, இவ்வளவு நாளாக ஊற்றிக்கொண்டல்லவா இருந்தோம்!

மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறினாள். வெறும் கிண்ணத்தில் கொஞ்சம் கிரீம். சுற்றினாள், விரல் நுனியால் தண்ணீர் தெளித்தாள், சுற்றினாள், தெளித்தாள். அவசரப்படவில்லை. கிரீம் வெளுத்தது, தடித்தது, குமிழியே கண்ணுக்குத் தெரியாமல் மெத்தென்று எழுந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், விழவில்லை. தனியாக நின்றுகொண்டு கைகொட்டிச் சிரித்தாள். அன்றைக்கு வடை கல்லாட்டம் இருந்தது, அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை விடிந்ததும் கன்னியப்பனைக் கொல்லைப்பக்கம் சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தாள். அவன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான். முதலில் கத்தரிக்கோலால் தாடியை ஒட்ட வெட்டினாள். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினாள். பிறகு நுரையை எழுப்பி, கன்னத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கன்னியப்பனின் கண் தானாக மூடிக்கொண்டது.

"இன்னாடி இது, நான் போடறதவிட நல்லாக்கீது. எப்பிடிப் புடிச்ச?"

"உளுந்து அரைக்கிற மாரிதான்யா."

அவன் சிரித்துவிட்டான். எத்தனை மாசத்துக்கு அப்புறம் கேட்கிறாள் அந்தச் சிரிப்பை! "சிரிக்காத, அறுத்துக்கும்," என்று அதட்டினாள். ரேசரை வைத்து மெல்ல இழுத்தாள். நுரையோடு முடி வழித்துக்கொண்டு வந்தது, ஒரு பொட்டு ரத்தமில்லை.

ஆனால் பழக்கமில்லாத கை. ஒரு கன்னம் முடிவதற்குள் வெயில் ஏறி, மறு கன்னத்து நுரை காய்ந்துவிட்டது. பாஞ்சாலி ஒரு கையால் அவன் தாடையை இழுத்துப் பிடித்திருந்தாள், மறு கையில் ரேசர். கன்னியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "குடு, நானே கலக்கறேன்," என்று இடது கையால் பிரஷ்ஷை எடுத்தான். ஒரு சுற்றுச் சுற்றினான், கிண்ணம் தரையில் வழுக்கி ஓடியது. இழுத்து வைத்துச் சுற்றினான், மறுபடி ஓடியது. "சீ, சனியன்!" என்று திட்டினான். மூன்றாம் தடவை கிண்ணம் நகர்ந்தபோது வலது கையில் சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்து கீழே விழுந்தது. வலது கை நீண்டு, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கிண்ணத்தை அழுத்திப் பிடித்தது.

பாஞ்சாலி அந்தக் கையைப் பார்த்தாள். தழும்பு இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்தது. இப்போது ஏதாவது சொன்னால் கை மறுபடி துண்டுக்குள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"கெட்டியாக்கீது. இன்னும் ஒரு சொட்டு தெளி," என்றாள்.

அவன் தெளித்துச் சுற்றினான். கிண்ணம் அசையவில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் கன்னியப்பன் நின்றான். பாஞ்சாலி கதவோரம். சுப்பராயன் அவன் கன்னத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மேனேஜர் மெட்ராஸ்காரர், சுற்றி வளைக்கவில்லை.

"வலது கையைக் காட்டுப்பா."

கன்னியப்பன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு கையை நீட்டினான்.

"ஸ்டோர்ல எடுக்கணும், பிரிக்கணும், எண்ணிப் போடணும். இதை வச்சுக்கிட்டு எப்படிச் செய்வே?"

சுப்பராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கன்னியப்பன் மேஜைமேல் கிடந்த, நட்டு பாதி ஏறியிருந்த ஒரு போல்ட்டை எடுத்தான். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நட்டை அடிவரை திருகி ஏற்றி, மேஜைமேல் வைத்தான்.

"இந்தக் கை புடிச்சிக்கும் சார். அந்தக் கை வேலை செய்யும்."

மேனேஜர் போல்ட்டை எடுத்துத் திருகிப் பார்த்தார். நட்டு அசையவில்லை.

"பரவாயில்லையே. எப்போலேர்ந்து இப்படிப் பழகிக்கிட்டே?"

கன்னியப்பன் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இன்னிக்குக் காத்தாலேர்ந்து சார்."

மேனேஜர் சிரித்துவிட்டு, நாளைக்கு எட்டு மணி ஷிப்டுக்கு வந்துவிடச் சொன்னார்.