சப்பாத்தும் சபாத்தேயும்

தொப்பியும் பெல்ட்டும் சுலபமாகக் கிடைத்துவிட்டன. இத்தாலியில் நாங்கள் இருக்கும் ஊரின் போர்கோ வெக்கியோ சந்தையில், கார்னவல் என்ற வேடத் திருவிழாவுக்காகக் குவித்திருந்தவற்றில் ஒரு பழுப்புக் கவ்பாய் தொப்பியை மகளே பொறுக்கினாள். கணவரின் பழைய பெல்ட்டை வெட்டி, ஆணியால் புதிதாகத் துளை போட்டேன். குதிரைத் தலை பதித்த அதன் பெரிய பக்கிள் அவளது வயிற்றை மூடியது. அது 2006. அவளுக்கு நான்கு வயது.

பாலர் பள்ளியில் கார்னவல் நாளன்று பிள்ளைகள் வேடமிட்டு, கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். முந்தின ஆண்டு அவள் ஒருவருடைய கையையும் பிடிக்காமல் சுவரோடு நின்றுவிட்டாள். இம்முறை ஆடுவேன் என்று அவளாகவே சொன்னாள். ஆனால் கவ்பாய் பூட்ஸ் வேண்டும்.

வியா மக்வேதா தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்தது. கூர்முனை, சின்னக் குதி, பக்கங்களில் வெள்ளை நூலால் தைத்த பூக்கள். பஸ்ஸால் இறங்கும் ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் நின்றேன். அவளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் குதியில் கால் பிரண்டால்?

"ரெண்டு மாசத்திலை கால் வளர்ந்திடும், இஞ்சேருங்கோ," என்றேன் கணவரிடம்.

"அப்ப காலிட்டைச் சொல்லும், கார்னவல் முடியட்டும், பிறகு வளரலாமெண்டு. என்ர மாட்டுக்காரி வெறுங்காலோடையே மாடு மேய்க்கிறது?"

அப்போதும் நான் வாங்கவில்லை. பள்ளியிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. வேடத்தோடு 'சபாத்தே' கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இதில் என்ன சந்தேகம்? சப்பாத்து! எங்களூரில் ஷூவுக்கும் பூட்ஸுக்கும் அதுதானே பெயர். எதையும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தும் நான், இந்தச் சொல்லை மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. அன்று மாலையே பூட்ஸை வாங்கிவிட்டேன்.

கார்னவல் காலையில், ஆடும் அறை வாசலில் ஆசிரியை எங்களை நிறுத்தினார். உள்ளே தரை முழுவதும் மெத்தை விரிப்பு.

"சின்யோரா, சபாத்தே?"

நான் மகளின் காலைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவர் சிரித்தபடி உள்ளே கைகாட்டினார். இளவரசிகளும் கடற்கொள்ளையர்களும் துணிச் செருப்போடு நின்றார்கள். வீட்டுக்குள் போடும் செருப்புக்குத்தான் இத்தாலியனில் அந்தப் பெயர். பூட்ஸோடு மெத்தையில் ஏற முடியாது, காலுறையோடு வரட்டும் என்றார்.

"கழட்டுவமோ, செல்லம்?"

"மாட்டன். கவ்பாய் கழட்டாது."

"ஒருக்காத்தான்."

அவள் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். வற்புறுத்தினால் அழுவாள். அழுதால் இனி எந்த ஆண்டும் ஆடமாட்டாள். விட்டால் இந்த ஆண்டும் போய்விடும். நான் யோசித்துக்கொண்டு நிற்கவே கதவைச் சாத்திவிட்டார்கள்.

பாட்டு தொடங்கியது. கதவுக் கண்ணாடியால் இருவரும் அந்த வட்டத்தைப் பார்த்தோம். அவள் மெல்ல ஒரு காலைத் தூக்கிக் கல்தரையில் வைத்தாள். டொக். மற்றக் கால். டொக். பிறகு பக்கிளை இரண்டு கைகளாலும் பிடித்தபடி சுற்றத் தொடங்கினாள். மெத்தையில் இந்தச் சத்தம் வந்திருக்காது.

"அம்மா, நீங்களும் வாங்கோ. தனிய வட்டம் போடேலாது."

கையை நீட்டினாள். நடைபாதை முனையில் துப்புரவு செய்யும் பெண் வாளியோடு நின்றார். இரண்டு தாய்மார் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் ஆடுங்கோ, அம்மா பாக்கிறன்."

நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அதைத் தொப்பி விளிம்புக்குக் கொண்டுபோய், தனியாகவே சுற்றினாள்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. யாருடைய கையையும் தயங்காமல் பிடிக்கிறாள். ஆடுவதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை. அந்தப் பாட்டு மூன்று நிமிடம் இருந்திருக்கும். வாளிக்காரப் பெண் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.